ஓரடியின் எடை

தீமை என்று எவரும் சொல்ல முடியாத சிறு செயல்கள் பல்லாயிரம் சேர்ந்து ஒரு தீமையாக முடியுமானால், அதற்கு யாரைப் பொறுப்பாளி ஆக்குவது? கொலையிலும் களவிலும் இந்தத் தொல்லை இல்லை. செய்தவன் இவன், இழந்தவன் அவன் என்று சுட்டிக்காட்டிவிடலாம். நாம் இங்கே எடுத்துக்கொள்ளும் வழக்கிலோ, கூண்டில் நிறுத்துவதற்கு ஒரு காலடியைத் தவிர வேறொன்றும் இல்லை. அதுவும் நிழலை நாடி, மனம் ஆறுவதற்காகக் காலாற நடந்த காலடி.

பெருநகரங்களின் விளிம்பில் எஞ்சியிருக்கும் சிறு காடுகளைப் பற்றியே சொல்கிறோம். எடுத்துக்காட்டாகச் சிங்கப்பூரின் புக்கித் தீமா இயற்கைக் காப்புக்காட்டைக் கொள்வோம். நம் வாசகர் பலருக்கு உற்றாரும் உறவினரும் வாழும் ஊர் அது. ஆயினும் அங்கே போய் வந்தவர்கள் கடைத்தெருவைப் பற்றிப் பேசும் அளவுக்கு இந்தக் குன்றைப் பற்றிப் பேசக் கேட்டதில்லை. நகரின் நடுவிலிருந்து ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தொலைவு. 2015 டிசம்பரில் பியூட்டி வோர்ல்ட் ரயில் நிலையம் திறக்கப்பட்ட பின், வண்டியை விட்டு இறங்கிச் சற்று நடந்தால் காட்டின் வாயிலை அடைந்துவிடலாம். குன்றின் உயரம் 163 மீட்டர்தான். ஆனால் அந்நாட்டின் இயற்கையான நிலத்தில் அதனினும் உயர்ந்த இடம் இல்லை. காட்டின் பரப்பும், பொருத்தம் பார்த்து அமைத்தாற்போல, சுமார் 163 ஹெக்டேர். மலாய் மொழியில் அப்பெயருக்கு வெள்ளீயக் குன்று என்று பொருள். குன்றோ கருங்கல்லால் ஆனது. 'தெமாக்' என்னும் மரத்தின் பெயரே திரிந்து இப்படி ஆயிற்று என்று சிலர் சொல்வதில் நியாயம் இருப்பதாகவே தோன்றுகிறது.

அக்காட்டுப் பாதைகள் நெடியவை அல்ல. உச்சிவரை தார் போட்ட பாதை ஒன்று. அதிலிருந்து பிரிந்து பள்ளங்களில் இறங்கியும் பாறைகளின்மேல் ஏறியும் செல்லும் கிளைப்பாதைகள் சில. ஓரிரு மணி நேரத்தில் திரும்பிவிடலாம். தலைக்கு மேலே செராயா முதலிய பெருமரங்கள் கிளைகோத்து நிற்கின்றன. அவற்றின் கீழே நடுத்தர மரங்களின் வரிசை. அதற்கும் கீழே பனையினங்களும் பிரம்பும் பெரணியும். நிலநடுக்கோட்டு வெயில் இத்தனை சல்லடைகளையும் கடந்து வரவேண்டும். இத்தகைய காடுகளில் தரையை எட்டும் ஒளி நூற்றில் ஓரிரு பங்கே. உள்ளே செல்லக் கட்டணமும் இல்லை. காட்டு நடை பணக்காரரின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிவிடுகிறவர்கள், விடுமுறை நாளின் காலையில் இத்தகைய பாதைகளில் யார் யார் நடக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். முழங்கால் நோவுடன் முதியவர்கள், தோளில் பிள்ளையைச் சுமந்த தந்தையர், ஆறு நாளும் வெயிலில் நின்று உழைத்து ஏழாம் நாள் எங்கேயாவது குளிர்ச்சியாக உட்கார விரும்புகிற தொழிலாளர் என அந்த நிழல் எல்லாருக்கும் ஒரே விலைக்குக் கிடைக்கிறது.

இந்த நிழல் தப்பிப் பிழைத்த கதையையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அத்தீவின் காடுகளைப் பெரும்பாலும் தின்று தீர்த்தது காம்பியர்ப் பயிர். தோல் பதனிடவும் வெற்றிலையோடு சேர்த்து மெல்லவும் உதவும் காசுக்கட்டி வகை அது. அதன் இலையைக் காய்ச்சிச் சாறு இறக்க விறகு வேண்டும்; மண் சில ஆண்டுகளில் சத்திழந்ததும் தோட்டக்காரர் அடுத்த காட்டுக்குப் பெயர்வர். 1854ல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் இங்கே வந்து தங்கி, ஏறக்குறைய இரண்டு மாதத்தில், ஒரு சதுரமைலுக்கு மேற்படாத காட்டிலேயே, சுமார் 700 வகை வண்டுகளைத் திரட்டினார். அத்தனை வண்டுகள் ஓரிடத்தில் கிடைத்ததற்குச் சீன மரவெட்டிகள் வீழ்த்திய மரங்களும் மரத்தூளும் காரணம் என்று அவரே எழுதியிருக்கிறார். அறிவுலகம் கொண்டாடும் அந்தச் சேகரிப்புக்கும் கோடரியின் உதவி இருந்தது என்பதை எண்ணினால் சற்றுத் திகைப்பாகத்தான் இருக்கிறது. தாவரத் தோட்டத்தின் கண்காணிப்பாளராயிருந்த நத்தானியல் கேன்ட்லி காடுகளின் அழிவைக் குறித்து அறிக்கை தந்த பின், 1883ல் புக்கித் தீமா காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. 1951ல் தனிச்சட்டம் வந்தது. இன்று அந்நாட்டின் நிலப்பரப்பில் ஆதிக்காடு நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. கோடரிக்குத் தப்பி நம் காலத்து மக்களிடம் வந்து சேர்ந்த அமானிதம் இவ்வளவே.

அமானிதத்தைத் திருடர் மட்டுமே பாழாக்குவர் என்பதில்லை. அன்போடு எடுத்து எடுத்துப் பார்ப்பவர்களின் கை பட்டும் அது தேய்வதுண்டு. 2014 செப்டம்பரில் அந்தக் காட்டின் வாயில்கள் மூடப்பட்டன. அந்நாள்களில் ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் பேர் அங்கே நடந்துகொண்டிருந்தனர். சரிவுகள் உறுதி இழந்திருந்தன. பாதைகள் அரித்துப் போயிருந்தன. இடையில் வாரஇறுதி நாள்களில் ஒரு பகுதியைத் திறந்துவிட்டார்களே தவிர, காடு முழுமையாகத் திறக்கப்பட்டது 2016 அக்டோபரில்தான். வேர்களைக் காக்கத் தரைக்கு மேலே உயர்த்திக் கட்டிய மேடைப்பாதைகளும், விலகிப் போகாதபடி கைப்பிடிகளும் அந்த இரண்டு ஆண்டுகளில் அமைந்தவை.

காலடி எப்படிக் காட்டைத் தின்கிறது? மண்ணுக்குள் காற்றும் நீரும் புகுவதற்கு நுண்துளைகள் உண்டு. மிதிபட மிதிபட அவை அடைபடுகின்றன. பிறகு மழை பெய்தால் நீர் உள்ளே இறங்குவதில்லை; பாதையையே வாய்க்காலாகக் கொண்டு ஓடுகிறது. மேல்மண் போய் வேர் வெளியே தெரிகிறது. பள்ளத்தில் சேறு நிற்கிறது. அடுத்து வருபவர் செருப்பு நனையாதிருக்கச் சேற்றை விட்டு ஓரடி ஒதுங்கி வைக்கிறார். அவருக்குப் பின்னால் வருபவரும் அதே இடத்தில் ஒதுங்குகிறார். ஒற்றையடிப் பாதை இரட்டையாகி, இரண்டு நாலாகி, நடுவே நின்ற செடிகள் இல்லாமற் போகின்றன. இதில் வன்செயல் எங்கே இருக்கிறது? சேற்றில் கால் வைக்கத் தயங்கியது பாவமா?

இந்த இடத்தில்தான் "நான் ஒருவன் நடப்பதால் என்ன ஆகிவிடப் போகிறது?" என்ற கேள்வி எழுகிறது. அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆங்கில மெய்யியலார் டெரெக் பார்ஃபிட் 1984ல் வெளியிட்ட நூலில் ஒரு கற்பனையைச் சொல்கிறார்: வதைப்போர் ஆயிரம் பேர் இருக்கிறார்கள், ஒவ்வொருவரும் ஒரு பொத்தானை அழுத்தும்போது கூடும் வலி, உணர முடியாத அளவு சிறியது, ஆயிரம் பேரும் அழுத்தி முடித்த பின் விளைவதோ கடும் சித்திரவதை. இவர்களில் குற்றவாளி எவனும் இல்லையா? ஒரு செயலைத் தனியே நிறுத்துப் பார்ப்பது போதாது, அது எந்தக் கூட்டத்தோடு சேர்ந்து தீங்கு செய்கிறது என்பதையும் பார்க்க வேண்டும் என்பது அவர் விடை. அவருக்கு முன்பே இம்மானுவேல் கான்ட் வேறு வழியில் ஒரு சோதனை வைத்தார். உன் செயலின் நெறியை எல்லாரும் பின்பற்றுவதை நீ ஏற்பாயா என்று கேட்டுக்கொள் என்றார்.

இரண்டும் பெரியோர் வாக்கு, மறுக்கத் துணியவில்லை. ஆயினும் காட்டுப் பாதைக்கு அவற்றை அப்படியே பொருத்தினால் ஓர் இடர் எழுகிறது. அந்நாட்டின் ஏறத்தாழ 60 லட்சம் மக்களும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் குன்றேறினால் காடு ஒரே நாளில் புழுதியாகும். ஆகவே எவரும் ஏறலாகாது என்று முடிவு கட்டுவதா? அப்படியானால் முழங்கால் நோவுள்ள முதியவரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டியதுதான். இந்த அளவுகோல் தேவைக்கு மேல் அளக்கிறது.

நூலை மூடிவிட்டுத் தரையைப் பார்த்தவர்கள் வேறொன்றைச் சொல்கிறார்கள். காடுகளிலும் மலைகளிலும் நடப்போரால் விளையும் சேதத்தைப் பல நாடுகளில் பல்லாண்டுகளாக அளந்துவரும் சூழலியலார் கண்ட உண்மை இது: நடப்போர் தொகையும் சேதமும் ஒரே விகிதத்தில் ஏறுவதில்லை. மிதிபடாத தரையில் முதலில் விழும் சில நடைகளே பெரும்பங்கு சேதத்தைச் செய்துவிடுகின்றன. அதன்பின் ஏற்றம் மெல்லக் குறைகிறது. ஏற்கெனவே இறுகிப்போன பாதையில் பத்தாயிரமாவது ஆள் வைக்கும் அடி, பாதை சீராகப் பேணப்பட்டிருந்தால், ஏறக்குறைய எடையற்றது. பாதையை விட்டு விலகி எவரும் போகாத இடத்தில் தனியாக ஒருவன் வைக்கும் அடியே கனமானது.

நம் கேள்வியை இது தலைகீழாக்கிவிடுகிறது. "நான் ஒருவன்தானே" என்பது பெருங்கூட்டத்தோடு நடக்கிறவனுக்குத்தான் ஓரளவு பொருந்தும். தனித்துப் போகிறவனுக்கு அது சிறிதும் பொருந்தாது. அவன் ஒருவன் என்பதுதான் அங்கே தொல்லையே. அவன் காலடியில் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். உதிர்ந்த இலைகளின் மெல்லிய படுக்கை, அதற்குள் பெருமரங்களின் வேரோடு ஒட்டி வாழ்ந்து, மண்ணின் சத்தை அவற்றுக்குச் சேர்த்துத் தரும் பூஞ்சை இழைகள், செராயாவின் கன்றுகள். அந்த மர இனங்கள் ஆண்டுதோறும் காய்ப்பவை அல்ல. சில ஆண்டுகள் சும்மா இருந்து, ஒரு பருவத்தில் ஒன்றாகப் பூத்து, சிறகு முளைத்த கனிகளைச் சுழலவிடுகின்றன. முளைத்த கன்று, ஏதேனும் ஒரு தாய்மரம் சாய்ந்து மேலே வெளிச்சத்துக்கு வழி பிறக்கும் என்று ஆண்டுக்கணக்கில் அந்த நிழலில் ஒரு சாண் உயரத்திலேயே காத்திருக்கும். அதை மிதித்துவிட்டால் அடுத்த ஆண்டு வேறொன்று வராது.

பாதை என்பதற்கே இதனால் ஒரு புதுப் பொருள் கிடைக்கிறது. காட்டில் ஒரு முழம் அகல நிலத்தைப் பலியாகக் கொடுத்து, மிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளும் உடன்படிக்கை அது. முன்னே நடந்தவர்கள் செய்த சேதத்தின் மேல் நாமும் நடப்பதால் புதுச் சேதம் செய்யாதிருக்கிறோம். சேறு வந்தால் சேற்றின் வழியே போகவேண்டும் என்று காட்டு நடையில் பழகியவர்கள் சொல்லும் விதிக்கும் இதுவே காரணம். செருப்பைக் கழுவிக்கொள்ளலாம்.

ஆனால் மனிதர்கள் விரும்புவது இதை அல்ல என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். காட்டுக்குப் போகிறவன் தனிமையை நாடிப் போகிறான். கூட்டத்தின் நடுவே இன்னொரு முதுகைப் பார்த்துக்கொண்டு படியேறுவதில் அவனுக்கு என்ன இன்பம்? எவரும் காணாத ஓடை, எவரும் எடுக்காத படம், எவரும் உட்காராத பாறை இவற்றையே அவன் மனம் கேட்கிறது. அந்த ஆசை இழிவானது அன்று. கவிஞர்களும் துறவியரும் அதனால்தான் காடேகினர். அவர்கள் காலத்தில் காடு பெரிது, நடப்பவர் சிலர். இன்று 163 ஹெக்டேரில் அதே ஆசையோடு லட்சக்கணக்கானோர் வருகின்றனர். எல்லாருக்கும் தனிமை என்பது கணக்கிலேயே வராத ஒன்று. நாம் அறிந்தவரை, பிறரோடு சேர்ந்து தேய்ந்த பாதையில் நடக்கச் சம்மதிப்பதை ஓர் அறமாக நீதிநூல்கள் தனித்து எண்ணியதில்லை. புதுவழி காண்பவனையே நாம் புகழ்ந்து பழகிவிட்டோம்.

"விரைவுச்சாலை போட்டுக் காட்டை இரண்டாகப் பிளந்தவர்களை விட்டுவிட்டு, சேற்றுக்கு ஒதுங்கியவனைப் பிடித்துக்கொண்டீர்களே" என்று ஒருவர் கேட்கலாம். கேட்பதில் நியாயம் உண்டு. குன்றின் ஓரங்களைக் கருங்கல் சுரங்கங்கள் குடைந்தன. 1986ல் திறக்கப்பட்ட புக்கித் தீமா விரைவுச்சாலை, இக்காட்டை அதன் கிழக்கே கிடந்த பெருங்காட்டிலிருந்து அறுத்துவிட்டது. அதே ஆண்டில்தான், இக்குன்றின் ஓடைகளில் வாழும் சிறு நன்னீர் நண்டு ஒன்று, உலகில் வேறெந்த நாட்டிலும் காணப்படாத தனி இனம் என்று விவரித்து எழுதப்பட்டது. மறு ஆண்டு, 1987ல், புக்கித் தீமாவில் எஞ்சியிருந்த கடைசிப் பட்டை மந்தி நாய்களால் குதறப்பட்டு மாண்டது. சாலைக்கு அப்பாலுள்ள காட்டில் அதன் இனத்தில் இன்றும் சில பத்து உயிர்கள் உள்ளன. இவற்றோடு ஒப்பிட்டால் காலடி சிறிதுதான். ஆனால் சாலைக்கு ஓர் அரசாணை உண்டு, அதை இட்டவர்கள் உண்டு. அவர்களிடம் காரணம் கேட்கலாம், கேட்டவர்களும் உண்டு. ஒற்றையடிப் பாதை அகலமானதற்கு எந்த அலுவலகத்திலும் கோப்பு இல்லை. அந்தக் கணக்கை நடந்தவன் தன்னிடமே கேட்டுக்கொண்டால்தான் உண்டு.

அந்த விரைவுச்சாலைக்கு மேலே, பிரிந்த இரு காடுகளையும் இணைக்க 2013ல் ஒரு பாலம் கட்டி முடித்தார்கள். நீளம் 62 மீட்டர். மிகக் குறுகிய இடத்திலும் அகலம் 50 மீட்டர். மேலே மண் நிரப்பி அந்த மண்ணுக்கு உரிய மரங்களையே நட்டார்கள். கட்டி முடித்த புதிதில் வழிகாட்டியோடு சிலரை அழைத்துச் சென்று காட்டியதோடு சரி. மரம் வளரவும் விலங்குகள் பழகவும் வேண்டுமென்று மனிதர் வரவை நிறுத்திவிட்டார்கள். நிழல் இருக்கிறது, குளிர்ச்சி இருக்கிறது, பாதை மட்டும் இல்லை. இரவில் அழுங்கு அதைக் கடந்து போவதைத் தானியங்கிப் படக்கருவிகள் பதிவு செய்திருக்கின்றன. கீழே வண்டியில் விரைகிறவர்களுக்குத் தலைக்கு மேலே ஒரு பச்சைக் கோடு கணநேரம் தெரியும்.