நீங்கள் யாரோடு சாப்பிடுகிறீர்கள்?



வேதத்தை எத்தனை தடவை வாசித்து முடித்தால் அது நம்முடைய ஜீவியமாக மாறும்? ஆதியாகமம் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை வருஷம் ஒருமுறை முடிக்கிறவர்கள் நம் சபையிலே உண்டு. அதற்காகக் கர்த்தரைத் துதிக்கிறேன். ஆனால் வாசிப்பது வேறு, வாசித்தபடி நடப்பது வேறு என்பதை நான் வேதாகமக் கல்லூரியிலே கற்கவில்லை. மேலூர் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுத் திண்ணையிலேதான் கற்றேன். வெட்கத்தோடே அதை எழுதுகிறேன்.

பல வருஷங்களுக்கு முன்பு ஒரு வீட்டு ஜெபத்துக்காக அந்தக் கிராமத்துக்குப் போயிருந்தேன். ஊருக்குத் தள்ளி இருக்கிற தெரு. வயதான ஒரு தாயார், விதவை. நல்ல அபிஷேகத்தோடே ஜெபித்தார்கள். கூட்டம் முடிந்ததும், "பாஸ்டரய்யா, கோழி அடிச்சுக் குழம்பு வச்சிருக்கேன், ரெண்டு வாய் சாப்ட்டுப் போங்க" என்றார்கள். எனக்குள்ளே ஏதோ சுருங்கியது. சிறுவயதிலே எங்கள் வீட்டார் சொல்லிச் சொல்லி வளர்த்த ஒன்று அது. வாய் உடனே ஒரு பொய்யைச் சொன்னது: "இன்னைக்கு உபவாசம்மா."

அந்தத் தாயார் முகம் மலர்ந்தது. "அப்படியாய்யா? அப்ப நானும் உங்ககூட சேந்து ராத்திரி வரைக்கும் உபவாசம் இருக்கேன்" என்றார்கள். நானோ மாட்டுத்தாவணியிலே பஸ்ஸை விட்டு இறங்கி நாலு புரோட்டா சாப்பிட்டேன்!

மறுநாள் காலை தியானத்திலே எனக்குக் கிடைத்த பகுதி கலாத்தியர் 2-ம் அதிகாரம். பலமுறை வாசித்த பகுதிதான். பரீட்சையிலே அதற்கு விளக்கமும் எழுதியிருக்கிறேன். ஆனால் அன்றைக்கு அது என்னை வாசித்தது. அந்தியோகியாவிலே பேதுரு புறஜாதி விசுவாசிகளோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். எருசலேமிலிருந்து சொந்த ஜனங்கள் வந்ததும் பயந்து விலகிக்கொள்கிறார். அவரைப் பார்த்து மற்ற யூத விசுவாசிகளும் விலகுகிறார்கள். நல்ல மனுஷனாகிய பர்னபாவும் இழுபட்டுப் போகிறார். பவுல் அதை எல்லாருக்கும் முன்பாக முகத்துக்கு நேரே கண்டிக்கிறார்.

பேதுருவுக்குத் தெரியாதா? யோப்பாவிலே துப்பட்டி தரிசனம் கண்டவர் அவர். கொர்நேலியுவின் வீட்டிலே பரிசுத்த ஆவியானவர் இறங்கினதைக் கண்ணாரக் கண்டவர், அவர்கள் அந்நிய பாஷை பேசினதைக் காதாரக் கேட்டவர். வெளிப்பாட்டுக்குக் குறைவில்லை, அனுபவத்துக்கும் குறைவில்லை. ஆனாலும் பந்தியிலே தடுமாறினார். தேவபிள்ளைகளே, இங்கே சிந்தியுங்கள்! வேத அறிவு நம்மைத் தானாகக் காப்பாற்றாது. மனுஷனுக்குப் பயப்படுகிற இடத்திலேதான் அது சோதிக்கப்படும்.

நம்முடைய தமிழ்ச் சபைகளின் சரித்திரமும் இதே பாடத்தைச் சொல்லுகிறது. தஞ்சாவூரிலே ஆலயத்துக்குள்ளே சாதிவாரியாகப் பிரிந்து உட்கார்ந்த காலம் உண்டு. 1833-ல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன், சாதி வித்தியாசத்தை உடனே விட்டுவிட வேண்டும் என்று சபைகளுக்குக் கடிதம் எழுதினார். பெரிய எதிர்ப்பு எழும்பிற்று. எதிர்த்தவர்களிலே முன்நின்றவர் யார்? வேதநாயகம் சாஸ்திரியார் (1774-1864). சுவார்ட்ஸ் ஐயரிடத்திலே வளர்ந்து வேதத்தைக் கரைத்துக் குடித்தவர். அவருடைய கீர்த்தனைகளை இன்றைக்கும் கண்ணீரோடே பாடுகிறோம். அவரைக் குற்றப்படுத்த நான் யார்? அவ்வளவு பெரிய பக்தருக்கே மறைவாயிருந்த ஒன்று எனக்குள் எத்தனை ஆழமாக ஒளிந்திருக்கும் என்றுதான் நடுங்குகிறேன்.

1834-ல் நம் மதுரைக்கு வந்த அமெரிக்கன் மிஷனும் 1847-ல் உறுதியான ஒரு தீர்மானம் எடுத்தது. சாதியை விடாதவர்களுக்குச் சபை ஐக்கியம் இல்லை என்றது. பலர் விலக்கப்பட்டார்கள், அவர்களிலே உபதேசியார்களும் உண்டு. ஊர் ஊராய் வேதத்தைப் போதித்தவர்கள்!

"பிரதர், அது உலக வழக்கம். இரட்சிப்பு வேற, வழக்கம் வேற" என்று சிலர் சொல்லுவார்கள். தஞ்சாவூரிலும் இதையேதான் சொன்னார்கள். ஆனால் பேதுரு செய்ததும் வழக்கத்தை ஒட்டித்தானே? அவர் உபதேசத்தை மாற்றவில்லை, எழுந்து போனார், அவ்வளவுதான். அதையே பவுல் சுவிசேஷத்துக்கு விரோதமான கோணல் நடையாகக் கண்டார்.

ஒடுக்கப்பட்ட ஜனங்களை வைத்தியநாத ஐயர் மீனாட்சியம்மன் கோயிலுக்குள் அழைத்துப்போனது 1939 ஜூலை 8-ல். எழுமலை பக்கம் உத்தப்புரத்திலே தெருவைப் பிரித்த சுவரின் ஒரு பகுதியை அரசாங்கம் இடித்தது 2008 மே 6-ல். கோயில் வாசல் திறந்தது, சுவரும் உடைந்தது. நம் வீட்டு அடுப்படி வாசல் திறந்ததா? ஞாயிற்றுக்கிழமை ஒரே அப்பத்தைப் பிட்கிறோம். திங்கட்கிழமை அதே சகோதரன் வீட்டுக்கு வந்தால் எந்த டம்ளரிலே காப்பி கொடுக்கிறோம்?

அடுத்த வாரம் நான் அந்தக் கிராமத்துக்குத் திரும்பப் போனேன். "அம்மா, அன்னைக்கு நான் உபவாசம் இல்லை, பொய் சொன்னேன். மன்னிச்சிருங்க" என்றேன். அவர்கள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாய்ச் சொன்னார்கள்: "எங்க வீட்டுக்கு வரும்போது மட்டும் உபவாசமா இருக்கிற ஊழியக்காரங்க நெறைய பேருய்யா. நான் கர்த்தருக்காகத்தான் இருந்தேன். வாங்க, கஞ்சிதான் இருக்கு." கோழிக்குழம்பு அன்றைக்கு இல்லை. கஞ்சியும் வெங்காயமும்தான். கண்ணீரோடே சாப்பிட்டேன்.

இதோடு நான் ஜெயித்துவிட்டேன் என்று எழுத முடியவில்லை. என் மகள் இப்போது கல்லூரியிலே படிக்கிறாள். "மணமகள் தேவை" விளம்பரங்களைப் பாருங்கள். முதல் வரியிலே இரட்சிக்கப்பட்டு அபிஷேகம் பெற்றவள் வேண்டும் என்றிருக்கும், அடுத்த வரியிலே சாதி இருக்கும். என் சொந்தக்காரர்கள் இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நாளிலே கலாத்தியர் 2-ம் அதிகாரம் என் கையிலே மட்டும் இருக்குமா, என் வாயிலும் இருக்குமா? எனக்காக ஜெபியுங்கள்.

பிரியமானவர்களே, இந்த வாரம் அந்தப் பகுதியைக் குடும்பமாய் வாசியுங்கள். வாசித்து முடித்ததும் புத்தகத்தை மூடிவிடாமல், இதுவரை நீங்கள் சாப்பிடாத வீடு எது என்று கர்த்தரிடத்திலே கேளுங்கள். அவர் காட்டுகிற வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுங்கள். அங்கே உபவாசம் வேண்டாம்.

கர்த்தர்தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக! ஆமென்.