சந்தில் நிற்கும் குதிரை

கண்ணு, நீ அனுப்பிய வீடியோவை நாலு தடவை பார்த்தேன். களத்துக்குள் நுழையும் சந்தில் குதிரை நின்றுவிடுகிறது. பின்னுக்கு நகர்கிறது. காதைப் பிடரியோடு ஒட்டவைத்து முன்னங்காலைத் தூக்குகிறது. பின்னாலிருந்து யாரோ கத்த, நீ சாட்டையை வீச, மூன்றாவது அடிக்குத்தான் உள்ளே பாய்கிறது. கீழே எழுதியிருக்கிறாய்: "திமிர் பிடித்தவள் பெரியப்பா. சனிக்கிழமைக்குள் எப்படி வழிக்குக் கொண்டுவருவது?"

சனிக்கிழமை ஓடாதே. மற்றதெல்லாம் அப்புறம்.

இதை உன் அப்பனும் படிப்பான். டெக்சாஸில் இத்தனை வருஷம் இருந்தும் அவனுக்குக் குதிரையேறி டிரம் சுற்றும் இந்த விளையாட்டு பிடிபடவில்லை, அவனுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நம்மூரில் ரோடு போடத் தார் வந்திறங்கும் டிரம் இருக்கிறதே, அந்த அளவில் மூன்று. முதலிரண்டுக்கும் நடுவே 90 அடி. அவற்றிலிருந்து மூன்றாவதுக்கு 105 அடி. ஓட்டம் தொடங்கும் கோட்டிலிருந்து முதலிரண்டுக்கு 60 அடி. மூன்றையும் சுற்றிவிட்டு வந்த வழியே பறக்க வேண்டும். ஒரு டிரம் சாய்ந்தால் 5 விநாடி கூட்டிவிடுவார்கள். நல்ல குதிரை 17 விநாடி சுமாருக்கு முடித்துவிடும். அதற்குள் ஐந்நூறு கிலோ உடம்பு முழு வேகத்திலிருந்து அடங்கி, உள்பக்கத்துப் பின்னங்காலை ஊன்றி, அதன் மேலேயே திரும்பி, மறுபடி சீறிக் கிளம்புகிறது. மூன்று முறை. நீ வலப்பக்க டிரம்மை முதலில் சுற்றுகிறவள். ஆகவே வலப்பக்கம் ஒரு திருப்பம், இடப்பக்கம் இரண்டு. இடது பின்னங்காலுக்குத்தான் சுமை இரட்டிப்பு.

இப்போது வீடியோவை நீயே ஒருமுறை பார். முதல் டிரம்மை ஒட்டி அழகாகச் சுற்றுகிறாள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அகலமாக விலகிப்போகிறாள். திமிர் என்றால் மூன்றிலும் இருக்க வேண்டாமா? இடப்பக்கம் திரும்பும்போது மட்டும் வருகிற திமிர் என்ன திமிர்? நான் முப்பது வருஷம் கால்நடை வைத்தியம் பார்த்தவன். மாடுதான் அதிகம், குதிரை என்றால் ஆடி மாதத்து அந்தியூர்ச் சந்தையில் பழகிய அளவுக்குத்தான். வீடியோவைப் பார்த்து நோய் சொல்வதும் வைத்தியம் ஆகாது. ஆனால் ஒரு குதிரை மருத்துவர் அந்த இடது பின்னங்காலின் மூட்டுகளை மடக்கிப் பிடித்து, விட்டு, ஓடவிட்டுப் பார்க்கும்வரை அவள் இன்னொரு டிரம்மைச் சுற்றக் கூடாது. இதைச் சொல்ல எனக்கு அனுபவம் போதும்.

மூட்டாக இல்லாமலும் இருக்கலாம். வயிற்று வாரை இறுக்கினால் கடிக்க வருகிறாள் என்று தீபாவளிக்குப் பேசும்போது சிரித்துக்கொண்டே சொன்னாய். குதிரையின் இரைப்பை, தின்றாலும் தின்னாவிட்டாலும் அமிலத்தைச் சுரந்துகொண்டே இருக்கும். டிரெய்லரில் வெறும் வயிற்றோடு மணிக்கணக்கில் நிற்கவைத்து, இறக்கியதும் பாயவிட்டால் அந்த அமிலம் மேலே தெறித்துப் புண்ணாக்கும். சேணம் தோளை அழுத்தலாம். பல்லின் கூர் கன்னத்தைக் கிழிக்கலாம். இதில் எதையாவது பார்த்தாயா? சாட்டையைத்தானே முதலில் எடுத்தாய்?

சூ டைசன் என்ற பிரிட்டிஷ் குதிரை மருத்துவர் 2018இல் தன் குழுவோடு ஒரு பட்டியல் வெளியிட்டார். ஆள் ஏறி ஓட்டும்போது குதிரை காட்டும் 24 நடத்தைகள்: காதை மடக்குவது, வாயைத் திறப்பது, வாலைச் சுழற்றுவது, முன்னே போக மறுப்பது, இப்படி. எட்டோ அதற்கு மேலோ தென்பட்டால் எங்கோ வலிக்கிறது என்று சந்தேகிக்க வேண்டும். நாளைக் காலை டிரம் இல்லாத வெறும் தரையில், சாட்டை இல்லாமல், நிதானமாக ஏறிப் பார். தோழி ஒருத்தியைக் கீழே நின்று எண்ணச் சொல். எண்ணிக்கை குறைவாக வந்தாலும் மருத்துவரைக் கூப்பிடு.

"போட்டிக்கு முன்னால் கொஞ்சம் பியூட் கொடுத்தால் சரியாகிவிடும்" என்று பயிற்சி தருகிறவர் சொன்னதாக எழுதியிருந்தாயே, அதைப் படித்தபிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. பியூட் என்கிற பினைல்பியூட்டசோன் நல்ல மருந்துதான், நோய் இன்னதென்று தெரிந்து, ஓய்வோடு கொடுத்தால். ஓட்டுவதற்காகக் கொடுத்தால் கதை வேறு. வலி மரத்துப்போன குதிரை, நொந்த காலின் மேல் முழுப் பாரத்தையும் போடும். வயிற்றில் புண் இருந்தால் அதே மருந்து அதையும் கிளறும். அந்தக் கால் திருப்பத்தில் மடங்கினால் அடியில் சிக்குகிறவள் நீ.

1948இல் உங்கள் சான் ஏஞ்சலோவில்தான் 38 பெண்கள் கூடி, ரோடியோவில் தங்களுக்கு நியாயமான போட்டி வேண்டும் என்று சங்கம் அமைத்தார்கள். குதிரைக்கு ஏது சங்கம்? சந்தில் நிற்பதுதான் அது கொடுக்கும் மனு.

உனக்குப் பிடித்த சார்மேன் ஜேம்ஸையே எடுத்துக்கொள். 1984 முதல் 1993 வரை தன் குதிரை ஸ்கேம்பர் மேல் ஏறித் தொடர்ந்து பத்து உலகப் பட்டம். முதல் பட்டத்தின்போது அவருக்கு வயது 14, குதிரைக்கு 7. கடைசிப் பட்டத்தின்போது குதிரைக்கு 16. உன்னவளுக்கு இப்போது 4! குதிரையின் முதுகெலும்பு முழுதாக முற்ற ஐந்தரை, ஆறு வயதாகும். இளம் குதிரைகளுக்கென்று நடக்கும் ஃபியூச்சுரிட்டி போட்டிகளில் பணம் கொட்டுகிறது என்பதற்காக எலும்பு சீக்கிரம் முற்றிவிடாது. 1985இல் லாஸ் வேகாஸில் நடந்த தேசிய இறுதி ரோடியோவில் ஸ்கேம்பரின் கடிவாளம் ஓட்டத்தின் நடுவே கழன்றுவிட்டது. இழுத்துத் திருப்ப வழியில்லை. அது பாட்டுக்கு மூன்றையும் சுற்றி அந்தச் சுற்றை வென்றது. ஓட ஆசைப்படுகிற குதிரை அப்படி இருக்கும். ஸ்கேம்பர் 35 வயது வரை வாழ்ந்து 2012இல் செத்தது.

நுழைவுக் கட்டணம் கட்டியாகிவிட்டதே என்று உன் அப்பன் முணுமுணுப்பான். மூட்டு கெட்ட குதிரைக்கு ஆகும் வைத்தியச் செலவை மருத்துவரிடமே கேட்டுக்கொள்ளச் சொல். உங்கள் போட்டிகளில் முதல் நேரத்துக்கு அரை விநாடி பின்தங்கியவர்களுக்கு ஒரு பிரிவு, ஒரு விநாடி பின்தங்கியவர்களுக்கு இன்னொன்று, எல்லாவற்றிலும் பரிசு உண்டு. நிதானமான குதிரைக்கும் அங்கே இடம் இருக்கிறது. (வேண்டுமென்றே இழுத்துப் பிடித்துக் கீழ்ப்பிரிவுப் பணத்தைக் கவர்கிறவர்களும் உண்டாம். அந்த வாடையே உனக்கு வேண்டாம்.)

இன்றைக்கே பேரை எடுத்துவிடு. யாராவது கேட்டால் குதிரைக்கு உடம்பு சரியில்லை என்று சொல், வெட்கப்பட ஒன்றுமில்லை. சாட்டையை உன் அப்பனிடம் கொடுத்து உள்ளே வைக்கச் சொல். மருத்துவர் பார்த்து முடித்ததும் என்னைக் கூப்பிடு. இங்கே நடுராத்திரி என்று யோசிக்காதே, விழித்துத்தான் இருப்பேன்.