காலனி

ஆங்கிலத்திலிருந்து நம்மிடம் வந்த வார்த்தைகளில் ‘காலனி’யைப்போல, முன்னால் நிற்கும் சொல்லை நம்பிப் பிழைப்பது வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. பேங்க் காலனி, டீச்சர்ஸ் காலனி என்றால் வாடகை கூடுகிறது. அடைமொழி எதுவுமின்றி, புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்தில் ‘அவர் காலனி’ என்று ஒருவர் சொன்னால், நமக்குத் தெரிவிக்கப்படுவது முகவரி அல்ல, ஜாதி.

லத்தீனில் இதன் வேர் உழுவதைக் குறிக்கிறது. ‘கொலோனுஸ்’ என்றால் உழுகுடி. ‘கொலோனியா’, ரோமானியர்கள் வென்ற நிலத்தில் ஏற்படுத்திய குடியேற்றம். ‘கல்ச்சர்’ என்பதும் இதே வேரில் கிளைத்ததுதான். ஆங்கிலத்தில் எறும்புக்கும் காலனி உண்டு. சரித்திரப் புத்தகத்தில் காலனி என்பது பறிகொடுத்த தேசம். 1948 வரை தொண்டைமான்களின் சமஸ்தானமாக, பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சிக்கு வெளியே இருந்த இந்த மண்ணில், அது ஊருக்கு வெளியே ஒதுக்கப்பட்ட தெருவின் பெயராகத் தங்கிவிட்டது. காலனியம் பற்றிச் சிறுபத்திரிகைகளில் எவ்வளவோ படித்திருக்கிறேன். பஸ் ஜன்னலில் தெரியும் இந்தக் காலனி அக்கட்டுரைகளில் அபூர்வம்.

‘சேரி’யின் கதையும் இதுவே. பழந்தமிழில் அது மக்கள் சேர்ந்து வாழும் இடம், அவ்வளவுதான். சோழர் கல்வெட்டுகளிலேயே ‘தீண்டாச்சேரி’ வந்துவிடுகிறது. சேரி என்று சொல்லக் கூசியபோது, அரசு கட்டித்தந்த தொகுப்பு வீடுகளோடு ‘காலனி’ வந்தது. கூச்சத்தை மறைக்க வந்த சொல் தானே வசையாயிற்று. 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின், அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் இச்சொல் நீக்கப்படும் என்று சட்டசபையில் அறிவித்தார்.

இது சரிதானா? சரி என்றே நினைக்கிறேன். அவமானமாகிவிட்ட ஒரு பெயரால் தன் பிரஜையை அழைக்க அரசுக்கு உரிமை இல்லை. ஆனால் சொல் தானாக அழுக்காவதில்லை. 2022 டிசம்பரில் வேங்கைவயலில், தலித் மக்கள் குடித்த தண்ணீர்த் தொட்டியில் மலம் கிடந்ததற்கு எந்த அகராதியும் பொறுப்பல்ல. அந்த நாட்களில் இறையூர் அய்யனார் கோவிலுக்குள் அவர்கள் நுழைவதற்குக் கலெக்டரே கூட வர வேண்டியிருந்தது.

நாளை பெயர்ப்பலகையில் ‘நகர்’ என்று எழுதுவார்கள். ‘எந்த நகர்?’ என்று கேட்கிற குரலில் பழைய கேள்வியே ஒளிந்திருந்தால், நகரும் கொஞ்ச வருஷத்தில் காலனியாகிவிடும். பலகையை மாற்ற ஓர் உத்தரவு போதும். அந்தக் கேள்வியைக் கேட்காதிருக்க எந்த உத்தரவும் உதவாது; அது கேட்கிறவனின் பொறுப்பு.