கணக்கு வைப்பவர் யார்?

“நாளுக்கு எத்தனை சிகரெட்?” என்று வைத்தியர் கேட்டால் பலர் குறைத்தே சொல்வர். பொய் சொல்லும் நோக்கமல்ல. கை பழக்கத்தால் பெட்டியை நாடுவதால் எண்ணிக்கை மனதில் நிற்பதில்லை.

இன்று அதற்கும் வழி பிறந்துள்ளது. நவீன கைக்கடிகாரங்களில் அசைவை உணரும் நுண்கருவிகள் உண்டு. கை வாய்க்குச் சென்று, சற்றுத் தங்கி, இறங்கி, மீண்டும் ஏறும் ஒழுங்கைக் கொண்டு புகைத்தலை அவை கணிக்கக்கூடும் என ஆய்வாளர்கள் காட்டியுள்ளனர். தேநீர் அருந்துவதும் சிலவேளை புகைத்தலாகப் பதிவாகலாம்.

நல்ல உதவிதான். ஆயினும் அன்பான வாசகரே, கணக்கை அறிவது வேறு. கணக்கை நாமே வைப்பது வேறு. 1548இல் பாப்பரசரின் அங்கீகாரம் பெற்ற ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் புனித லொயோலா இஞ்ஞாசியார், ஒரு குறையைத் திருத்த விரும்புபவர் அதில் விழுந்தவுடன் நெஞ்சில் கை வைக்கவும், நாளில் இருமுறை புள்ளியிட்டுக் கணக்கெடுக்கவும் சொன்னார். கை நெஞ்சைத் தொடும் அக்கணத்திலேயே மனிதன் விழித்துக்கொள்கிறான். நம்மை அறியாமலே கடிகாரம் எண்ணும்போது அவ்விழிப்பு நமக்குக் கிட்டுவதில்லை.

வீட்டார் ஒளித்துப் பார்க்கும் கணக்கு சண்டையை வளர்க்கும். தகப்பன் தானே எடுத்துக் காட்டும் கணக்கு வீட்டாரை அவருக்குத் துணையாக்கும். கடிகாரம் இல்லாதவருக்கு ஒரு துண்டுக் கடதாசி போதும். பற்றவைக்குமுன் புள்ளியை இடுங்கள்.