மயிலும் போர்வையும்

இரக்கம் எப்போதும் நல்லதுதானா? சென்ற தை மாதம் சேவூரில் ஒரு நண்பர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தபோது இந்தக் கேள்வி எனக்குள் எழுந்தது.

அவிநாசியிலிருந்து புளியம்பட்டி போகும் சாலையில் உள்ள ஊர் சேவூர். திருப்பூர்ப் பனியன் தொழிலை நம்பியிருக்கும் பல குடும்பங்களில் நண்பருடையதும் ஒன்று. கூடத்து மூலையில் ஓர் அட்டைப் பெட்டி. பனியன் வேஸ்ட் துணிகளுக்கு நடுவே, உடம்பில் ரோமமே இல்லாத ஒரு பிராணி ஒடுங்கிக் கிடந்தது. மூக்கிலும் பாதங்களிலும் மட்டும் கொஞ்சம் ரோமம். முதலில் அருவருப்பாக இருந்தது. பிறகு பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல் தோன்றியது.

"கினிப்பன்றிங்க மாமா, மொட்டை ஜாதி. காத்தடிச்சா நடுங்குதுங்க" என்றாள் நண்பரின் மகள், கொத்தமல்லித் தழையை அதற்கு நீட்டியபடி.

நண்பரின் யோசனை வேறு. இன்னொன்று வாங்கி ஜோடி சேர்த்துக் குட்டிகளை விற்கலாமாம். "இதிலே தப்பு ஏதாவது உண்டுங்களா?" என்று என்னையே கேட்டார்.

தென் அமெரிக்க மலைநாட்டு மக்கள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இறைச்சிக்காக வளர்த்துவந்த பிராணி இது. இயல்பில் அதற்கு நல்ல ரோமம் உண்டு. 1978-ல் கனடாவில், மான்ட்ரீல் நகரத்து ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில், ரோமமில்லாத குட்டிகள் தற்செயலாகப் பிறந்தன. மலைக்குளிரில் பிறந்திருந்தால் அந்தக் குறை அவற்றோடு முடிந்திருக்கும். தோல் ஆராய்ச்சிக்கு உதவும் என்று மனிதன் அவற்றைப் பெருக்கினான். பிறகு ஆசைக்காக வளர்த்தான். உடம்புச் சூட்டைக் காத்துக்கொள்வதற்காகவே அவை மற்றவற்றைவிட அதிகம் தின்ன வேண்டியிருக்கிறது.

ரோமமுள்ள நல்ல ஜாதியோடு சேர்த்தால் குட்டிகள் ரோமத்தோடு பிறக்கும். குறை உள்ளே மறைந்திருக்கும். இரண்டு மொட்டைகளைச் சேர்த்தால் எல்லாமே மொட்டைதான். அப்படியானால், முதற்குட்டி தற்செயல். இனிப் பிறப்பவை நம் தீர்மானம்.

இதைச் சொன்னதும் நண்பர் சிரித்தார். "நாமளும் மொட்டையாத்தானுங்க பொறக்கறோம். அதனாலேதானே பனியன் விக்குது!"

வாஸ்தவம்தான். ஆனால் நமக்கு வேண்டியதை நாம் நெய்துகொள்கிறோம். அதற்கு நெய்யத் தெரியாது. ஒருநாள் நாம் மறந்தால், அது நடுங்க வேண்டியதுதான்.

மயிலுக்குக் குளிருமே என்று போர்வை ஈந்த பேகனைக் கடையெழு வள்ளல்களில் ஒருவனாகக் கொண்டாடுகிறோம். மயிலுக்கு இறகு இருந்தது. போர்வை தேவையே இல்லை. ஆனாலும் அவன் இரக்கத்தில் களங்கமில்லை. நாமோ இறகில்லாத மயிலை உண்டாக்கிவிட்டு, பிறகு போர்வை போர்த்தி, நம்மை வள்ளல் என்று எண்ணிக்கொள்கிறோம். நம்மை நம்பியே வாழட்டும் என்று ஓர் உயிரைப் பிறப்பிப்பது அன்பாகுமா? இருப்பதைக் காப்பது கடமை. குறையோடு இன்னொன்றைப் பிறக்கச் செய்வது அப்படியல்ல.

நண்பர் பேசாமல் இருந்தார். மகள்தான் கேட்டாள்: "அப்போ இதுக்குத் துணையே வேண்டாமுங்களா மாமா?"

என் தர்க்கமெல்லாம் அங்கே தடுமாறிற்று. அவை கூட்டமாக வாழும் பிராணிகள். தனிமையும் ஒரு குளிர்தானே?

"இது ஆணா, பெண்ணா?" என்றேன்.

"பொண்ணுங்க."

"அப்படியானால் ரோமமுள்ள பெண் ஒன்றையே துணைக்கு வாங்கித் தரச் சொல், அம்மா."

அவள் தலையாட்டிவிட்டு, நண்பரின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.