மீட்டெடுத்த மறைச்சொல் யாருடையது?
சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் 1947 முதல் கிடைத்த பழஞ்சுருள்கள், ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுப் பழமை உடையவை ஆதலின், பொதுவுடைமை, அதாவது எவர் இசைவுமின்றி யாவரும் மேற்கோள் காட்டத்தக்கவை. ஆயினும், அவற்றுள் தூய்மை, பலி முதலிய யூதச் சமயச் சட்டங்களைக் கூறும் மடல் ஒன்றின் துணுக்குகளை எலிஷா கிம்ரோன் என்னும் அறிஞர் பல்லாண்டு உழைத்து இணைத்து, சிதைந்த இடங்களை ஊகத்தால் நிரப்பி அமைத்த பாடத்தை, 1991இல் அமெரிக்க நூல் ஒன்று அவர் இசைவின்றி வெளியிட, வழக்கு எழுந்தது. அப்பாடத்துக்கு அவருக்கே பதிப்புரிமை உண்டென 2000இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உழைப்பை மதித்தவகையில் இது நியாயமே. எனினும், ஊகம் மூலத்தோடு எவ்வளவு பொருந்துகிறதோ அவ்வளவுக்கு அது அவர் படைப்பன்று என்னும் முரண் தீரவில்லை. நவீன பதிப்பிலிருந்து மேற்கோள் எடுப்போர், பதிப்பாசிரியர் நிரப்பிய சொற்களைச் சுட்டும் பகர அடைப்புகளை நீக்கிவிட்டால், அறிஞரின் ஊகம் மறைமொழியாகவே வழங்கத் தொடங்கிவிடும்.