நாய்க்கு டிரான்ஸ்ஃபர் கிடையாது

சென்னையில் பணக்காரரும் ஏழையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து காத்திருக்கும் இடங்கள் ரொம்பக் குறைவு. அதில் ஒன்று, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரி. 1903-ல் ஆரம்பித்த கல்லூரி அது. காலை நேரத்தில் ஒருமுறை போய்ப் பாருங்கள். ஏ.சி. காரிலிருந்து இறங்கிய கோல்டன் ரெட்ரீவரும், ஆட்டோவில் சாக்கு விரித்து அழைத்து வரப்பட்ட நாட்டு நாயும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முறை வரும்வரை நாய்களுக்கு ஒன்றையொன்று மோந்து பார்க்கிற வேலை இருக்கிறது. கூட வந்தவர்கள் என்ன செய்வார்கள்? பேசுவார்கள். முதலில் நாயின் பெயர், வயசு, என்ன சாப்பிடும் என்பதெல்லாம். ஐந்தாவது நிமிஷத்தில், "நீங்க எங்க வொர்க் பண்றீங்க?"

சுவாரஸ்யம் இங்கேதான் ஆரம்பிக்கிறது. ஒருவர் தன் நாயைப் பற்றி என்ன நினைக்கிறார் என்பதற்கும், அவர் என்ன உத்தியோகம் பார்க்கிறார் என்பதற்கும் ஏதோ ஒரு தொடர்பு இருக்கிறது.

சாஃப்ட்வேர் இளைஞர் சொல்வார்: "நாய்னு சொல்லாதீங்க சார். இவன் எங்க மூத்த பையன்." கணவன், மனைவி இரண்டு பேருக்கும் வேலை. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் திரும்பி வர ராத்திரி எட்டு. மூத்த பையன் மூன்றாவது மாடி ஃப்ளாட்டில் தனியாக இருப்பான். ஆபீஸிலிருந்தபடியே கேமராவில் அவனைப் பார்த்துக்கொள்வார்கள்.

செங்குன்றம் பக்கம் லாரி ஷெட் வைத்திருப்பவர் இதைக் கேட்டுச் சிரிப்பார். "பையனாவது, பொண்ணாவது! காவலுக்கு வெச்சிருக்கேன். ராத்திரி பூரா முழிச்சிருக்கு. நான் சோறு போடறேன். கணக்கு சரியாப் போச்சு." கணக்கு சரியாகப் போனதாகச் சொல்கிற அதே மனிதர்தான், ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

ரிட்டயர்டு பேங்க் மேனேஜர் ஒருவர் இருப்பார். "சின்ன வயசுலேர்ந்தே நாய்னா உயிர். ஆனா சர்வீஸ்ல இருந்தவரைக்கும் வளர்க்கலை. மூணு வருஷத்துக்கு ஒரு டிரான்ஸ்ஃபர். எனக்கு ஆர்டர் வரும், நாய்க்கு வருமா?"

கடைசியாக ஒரு பூக்கார அம்மா. "என் நாய் இல்லீங்க, தெரு நாய். கோயில் வாசல்ல கெடக்கும். கால்ல வண்டி ஏத்திட்டுப் போயிட்டான்." அவரிடம் போய், 'நீங்கள் நாய்ப் பிரியரா?' என்று கேட்டால் அவருக்குக் கேள்வியே புரியாது.

இந்த நாலு பேரையும் ஒரே நாளில் நீங்கள் அங்கே பார்க்காமல் போகலாம். ஆனால், நாலு பேரும் உங்கள் தெருவில் இருக்கிறார்கள். இவர்களில் ஒருவர் நீங்களாகவும் இருக்கலாம்.

இப்போது கேள்வி. இவர்களில் நாயை உண்மையாக நேசிப்பவர் யார்?

'பையன்' என்று சொல்பவர்தான் என்று சட்டென்று தோன்றும். 'காவலுக்கு' என்பவர் கல்நெஞ்சர் என்று தோன்றும். நாய் வளர்ப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து சண்டை போடுவதே இந்த விஷயத்தில்தான். ஒரு கட்சி, "நாயைச் சங்கிலியில் கட்டிப்போட்டு வேலை வாங்குகிறாயே, உனக்கு இரக்கம் இல்லையா?" என்கிறது. மறு கட்சி, "நாய்க்கு பர்த்டே கேக் வெட்டுகிறாயே, உனக்குப் புத்தி இல்லையா?" என்கிறது.

நாய்க்கு இந்த இரண்டு பெயர்களுமே தெரியாது. தான் பையனா, வாட்ச்மேனா என்று அது யோசிப்பதில்லை. அதற்குத் தெரிந்தது ரொம்பக் கொஞ்சம். இந்த மனிதர் வந்தார், இந்த மனிதர் போனார், இந்த மனிதர் இன்னும் வரவில்லை.

ஹாச்சிகோ கதை உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஜப்பானில், டோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகத்தில் வேளாண்மைப் பேராசிரியராக இருந்தவர் உவேனோ. அவருடைய அகிடா வகை நாய், சாயங்காலம் ஷிபுயா ரயில் நிலையத்துக்குப் போய் அவருக்காகக் காத்திருக்கும். 1925 மே மாதத்தில் ஒரு நாள், வேலைக்குப் போன பேராசிரியர் அங்கேயே இறந்துபோனார். அது தெரியாமல் நாய் தொடர்ந்து ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றிரண்டு மாதம் இல்லை, 1935 மார்ச்சில் அது சாகும்வரை, கிட்டத்தட்ட பத்து வருஷம்! உயிரோடு இருக்கும்போதே, 1934-ல் அதற்கு வெண்கலச் சிலை வைத்தார்கள்.

இதை நாம் நாயின் விசுவாசத்துக்கு உதாரணமாகச் சொல்கிறோம். நியாயம்தான். ஆனால், கொஞ்சம் இந்தப் பக்கம் நின்றும் பாருங்கள். மனிதனின் உத்தியோகத்துக்கு இன்னொரு பாதி இருக்கிறது. அதை நாய் பார்க்கிறது. நாம் எட்டு மணி நேரம் வேலை செய்தால், அது எட்டு மணி நேரம் காத்திருக்கிறது. நாம் ஓவர்டைம் பார்த்தால் அதுவும் ஓவர்டைம் காத்திருக்கிறது. நமக்குச் சம்பளம், இன்க்ரிமென்ட், புரொமோஷன் எல்லாம் வருகிறது. காத்திருப்பவனுக்குப் படியளக்க எந்த பே கமிஷனும் கிடையாது.

சரி, வேலைக்குப் போகிறவர்கள் நாயே வளர்க்கக் கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. 'எவ்வளவு பாசம் வைத்திருக்கிறாய்?' என்ற கேள்விக்கு பதிலாக, 'எவ்வளவு நேரம் வைத்திருக்கிறாய்?' என்று கேட்டுப் பார்க்கலாமே என்கிறேன். பாசத்தை அளக்க முடியாது. அதனால் அதைப் பற்றி யாரும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளலாம். நேரம் அப்படி இல்லை. கடிகாரம் பார்த்தால் தெரிந்துவிடும்.

2003-ல் ஒரு செல்போன் விளம்பரம் வந்தது. சிறுவன் எங்கே போனாலும் ஒரு பக் நாய் பின்னாலேயே ஓடிவரும். பார்த்தவர்கள் சொக்கிப்போனார்கள். பக் குட்டிக்கு ஊரெல்லாம் கிராக்கி வந்தது. அந்த நாயின் மூக்கு சப்பை. மூச்சு விடுவதே அதற்குச் சிரமம். வெயில் ஆகவே ஆகாது. நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்துத்தான் நாய் தன் உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். சப்பை மூக்கு அதற்கும் இடைஞ்சல். இந்தத் தகவலெல்லாம் முப்பது செகண்ட் விளம்பரத்தில் எப்படி வரும்? விளம்பரத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. நமக்கு வேண்டியிருந்தது, பின்னாலேயே வரும் ஒன்று. அதற்கு என்ன வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை. வாங்கும்போது அழகாக இருந்த மூக்கு, சென்னை மே மாதத்தில் அந்த நாயின் பிரச்னையாகிவிடுகிறது.

வேலை பார்க்கும் நாய்களின் கதை வேறு மாதிரி. கொலையோ, கொள்ளையோ நடந்தால் நம் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு வரி வரும். 'மோப்ப நாய் வரவழைக்கப்பட்டது. சிறிது தூரம் ஓடிய அது, யாரையும் கவ்விப் பிடிக்கவில்லை.' நாம் சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டிவிடுவோம். ஆனால், அந்த நாய்க்கென்று ஒரு காவலர் இருக்கிறார். அவர்தான் சாப்பாடு போடுவார், குளிப்பாட்டுவார், கூடவே ஓடுவார். அதை 'என் பையன்' என்று அவர் சொல்லாமல் இருக்கலாம். ஆனால், நாயின் முழு நாளும் அவரோடுதான். அவருடைய உத்தியோகமே அந்த நாய்தான். நேரக் கணக்குப்படி பார்த்தால், நம்மில் பல பேரை அவர் தோற்கடித்துவிடுவார்.

ஆனால், அந்தக் கணக்கில் இன்னொரு பக்கம் இருக்கிறது. வேலை முடிந்த பிறகு என்ன? நம் ராணுவத்தில், சேவைக்கு லாயக்கில்லாமல் போன நாய்களைக் கருணைக்கொலை செய்யும் வழக்கம் இருந்தது. 2015-ல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டபோது அது வெளியே வந்தது. எதிர்ப்பு கிளம்பியது, விஷயம் கோர்ட்டுக்குப் போனது, கொள்கை மாறியது. பிற்பாடு, ஓய்வுபெற்ற ராணுவ நாய்களைத் தத்து கொடுக்கவும், மிச்சக் காலத்தைக் கழிக்க மீரட்டில் இடம் கொடுக்கவும் ஏற்பாடு வந்தது. 'உழைத்தாய், சோறு போட்டேன், கணக்கு முடிந்தது' என்பது நாணயமான பேச்சு போலத்தான் இருக்கும். ஆனால், கணக்கை முடிக்கும் தேதியை எப்போதும் நாம்தானே குறிக்கிறோம்!

18-ம் நூற்றாண்டு ஜெர்மன் தத்துவ அறிஞர் இம்மானுவேல் கான்ட் தன் அறவியல் வகுப்புகளில் இதே விஷயத்தைப் பேசியிருக்கிறார். காலமெல்லாம் உழைத்த நாய் கிழடானதும் அதைச் சுட்டுக் கொல்கிறான் ஒருவன். அவன் செய்வது தப்பா? தப்புதான் என்கிறார் கான்ட். ஆனால், அவர் சொல்லும் காரணம் விசித்திரமானது. நாய்க்கு நாம் நேரடியாக எந்தக் கடமையும் பட்டவர்கள் இல்லையாம். நாயிடம் ஈரமில்லாமல் நடப்பவன் மனிதர்களிடமும் அப்படி ஆகிவிடுவான் என்பதால்தான் அது தப்பாம்.

எனக்கு இந்த பதில் போதவில்லை. அப்படியானால் நாய் என்பது நாம் நல்லவர்களாக இருந்து பழகிப் பார்ப்பதற்கு ஒரு கருவி என்றாகிவிடுகிறது. மூடிய கதவுக்குப் பின்னால் தவிப்பது நம்முடைய மனிதத்தன்மை இல்லை. நிஜமான ஒரு நாய். நேரடியாகவே அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். ஏனென்றால், அதற்கு நம்மை விட்டால் வேறு வழி இல்லாமல் செய்தவர்கள் நாம்தான்.

அது நேற்று நடந்த காரியமும் இல்லை. 1914-ல் ஜெர்மனியில், இன்று பான் நகரத்தின் பகுதியாக உள்ள ஓபர்காசல் என்ற இடத்தில் ஒரு பழைய புதைகுழி கிடைத்தது. சுமார் 14,000 வருஷத்துக்கு முந்தையது. ஓர் ஆண், ஒரு பெண், கூடவே ஏழு மாதம் போல வயசான ஒரு நாய்க்குட்டி. அதன் பற்களை ஆராய்ந்து 2018-ல் வெளியிட்டார்கள். அந்தக் குட்டிக்கு டிஸ்டெம்பர் நோய் வந்திருக்க வேண்டும் என்பது முடிவு. இன்றைக்கும் தடுப்பூசி போட்டு நாம் தடுக்கிற அதே நோய். மனிதர்கள் பக்கத்தில் இருந்து கவனிக்காமல் அது அத்தனை வாரம் பிழைத்திருக்க முடியாது என்கிறார்கள் ஆராய்ச்சியாளர்கள்.

யோசித்துப் பாருங்கள். விவசாயமே வராத காலம். வேட்டையாடினால்தான் அன்றைக்குச் சாப்பாடு. அந்தக் குட்டியால் வேட்டைக்கும் போக முடியாது, காவலுக்கும் நிற்க முடியாது. வாந்தியும் பேதியுமாகக் கிடந்திருக்கும். யாரோ ஒருவர் தன் நேரத்தை அதற்குக் கொடுத்திருக்கிறார். அவர் அதைப் பையன் என்று கூப்பிட்டாரா, நாய் என்று கூப்பிட்டாரா, நமக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இங்கே ஒரு வாசகர் கோபத்தோடு குறுக்கிடுவார். "பெத்த அம்மா, அப்பாவை ஹோமில் விட்டுவிட்டு நாய்க்கு ஏ.சி. போடுகிறார்கள். நீங்கள் நாயைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறீர்கள்!" கோபம் நியாயமானது. ஆனால், நாய் ஒன்றும் அந்த அம்மாவின் நேரத்தைத் திருடிக்கொள்ளவில்லை. அம்மாவும் ஒரு ஜன்னலோரத்தில் காத்திருக்கிறார், நாயும் ஒரு கதவோரத்தில் காத்திருக்கிறது. ஏ.சி., மாதாமாதம் பணம், கேமரா என்று இரண்டு பேருக்கும் நாம் அனுப்புவது ஒரே சாமான்தான். இரண்டு பேருக்கும் கொடுக்காமல் வைத்துக்கொள்வதும் ஒன்றேதான்.

இதில் நான் அதிகம் மதிப்பது அந்த பேங்க் மேனேஜரைத்தான். நாய் என்றால் உயிர். இருந்தும், சர்வீஸ் முழுக்க வளர்க்கவில்லை. ஆசையை அடக்கிக்கொண்டு வளர்க்காமல் இருப்பதும் நாய் மேல் வைத்த பிரியம்தான். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள், போட்டோ எடுத்து நாலு பேருக்கு அனுப்பவும் முடியாது. 2020 ஊரடங்கில் வீட்டில் சும்மா இருக்கிறோமே என்று குட்டி வாங்கியவர்கள், பிறகு ஆபீஸ் திறந்ததும் என்ன செய்வதென்று விழித்தார்களே, அவர்களுக்கு இந்த மனிதர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

வளர்த்த நாயைப் பட்டினி கிடக்கும்படி எங்கேயோ விட்டுவிட்டு வருவது சட்டப்படியும் குற்றம். 1960-ல் வந்த மிருகவதைத் தடுப்புச் சட்டம் அதைச் சொல்கிறது. முதல் தடவை பிடிபட்டால் அபராதம் எவ்வளவு என்று அப்போது எழுதி வைத்தார்கள் தெரியுமா? அதிகபட்சம் 50 ரூபாய். அவ்வளவு மலிவான தண்டனைக்கு யார் பயப்படப் போகிறார்கள்? மனசாட்சி ஒன்றைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது.

ஆகவே, அடுத்த முறை குட்டியைக் கையில் வாங்குவதற்கு முன்னால் அதன் விலையை அப்புறம் கேளுங்கள். உங்களையே மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நாளில் எத்தனை மணி நேரம் இது எனக்காகக் காத்திருக்கும்? பெங்களூருக்கோ, அமெரிக்காவுக்கோ ஆர்டர் வந்தால் இது எங்கே போகும்? பத்து வருஷம் கழித்து, கண் தெரியாமல் நடுக்கூடத்திலேயே மூத்திரம் போகும்போது துடைக்கப்போவது யார்?

மூன்றுக்கும் பதில் இருக்கிறதா? தாராளமாக வாங்குங்கள். பையன் என்று கூப்பிடுங்கள், வாட்ச்மேன் என்று கூப்பிடுங்கள், உங்கள் இஷ்டம். பதில் இல்லையென்றால் குட்டியைத் தடவிக் கொடுத்துவிட்டு அதன் அம்மாவிடமே விட்டுவிட்டு வாருங்கள். வீட்டுக்குப் போகும் வழியில் தெருமுனையில் ஒரு நாய் படுத்திருக்கும். அதற்குத் தடுப்பூசி போட்டாகிவிட்டதா என்று விசாரியுங்கள். அதற்கு உங்கள் வாழ்க்கையில் பத்து வருஷம் தேவையில்லை. ஒரு காலை நேரம் போதும்.